விரல் இல்லாத பதில் செல்லாது

எல்லைக்கல் அக்காவுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. அலுவலக நாற்காலியில் ஒரு காலை மடித்து உட்காருவாள், உடனே அதை இறக்குவாள். எழுந்துபோய் ஜன்னலைத் திறப்பாள், திறந்த கையோடு மூடுவாள். நடுநடுவே கைபேசியை எடுத்துத் தன் இணையக் குழுவில் யாராவது ஏதாவது எழுதியிருக்கிறார்களா என்று பார்ப்பாள். கல் என்று பெயர் வைத்துக்கொண்டு இப்படி அலைகிறாளே என்று கூட வேலை செய்பவர்கள் கேலி செய்வார்கள். அது வீட்டில் வைத்த பெயர் இல்லை. குழுவைத் தொடங்கும்போது தளம் ஒரு புனைபெயர் கேட்டது. அன்று முழுக்க அவள் இரண்டு பங்காளிகளுக்கு நடுவில் ஓர் எல்லைக்கல்லைப் பற்றித் தொண்டை வற்றப் பேசிவிட்டு வந்திருந்தாள். வாயில் வந்ததைத் தட்டினாள், அது ஒட்டிக்கொண்டது.

அவள் தொழில் வில்லங்கம் பார்ப்பது. ஒருவர் வீடு வாங்கப் போகிறார் என்றால், விற்கிறவருக்கு அது சொந்தம்தானா, அவருக்கு விற்றவருக்குச் சொந்தமாக இருந்ததா, நடுவில் யாராவது அடமானம் வைத்தார்களா, வழக்குப் போட்டார்களா என்று பதிவு அலுவலகத்தின் பெரிய தொகுதிகளைப் புரட்டிப் பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். தொகுதிகள் ஊருக்கு ஊர் அந்தந்த அலுவலகத்தில் இருக்கும். வேறு ஊர்ச் சொத்து ஒன்று கைக்கு வந்தால் பேருந்து ஏற வேண்டும், இல்லையென்றால் அந்த ஊரில் தெரிந்த ஆள் வேண்டும். தெரிந்த ஆள் வேண்டும் என்றுதான் குழுவே பிறந்தது.

தொடங்கியவர்கள் இரண்டு பேர். ஒருத்தி இவள். இன்னொருவர், இவள் தங்கை வாழ்க்கைப்பட்டுப் போன ஊரில் இதே தொழில் செய்த கோந்து. பையில் எப்போதும் கோந்துப் புட்டி வைத்திருப்பார். கிழிந்த பக்கத்தைக் கண்டால் ஒட்டாமல் அடுத்த பக்கத்துக்குப் போக மாட்டார். முகத்தைப் பார்க்காமலேயே, கணினித் திரையில் எழுத்தும் பதிலெழுத்துமாகவே இருவரும் ஆண்டுக்கணக்கில் பழகினார்கள். ஆளுக்கொரு ஊரிலிருந்து பத்துப் பதினைந்து பேர் வந்து சேர்ந்தார்கள். 'உங்க ஊர்ல இந்த எண் பத்திரத்தைக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க' என்று காலையில் ஒருவர் எழுதினால், சாயங்காலத்துக்குள் அந்த ஊர்க்காரர் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வார்.

ஒரு தடவை ஒரு மகானுபாவர் அலுவலகப் பக்கமே போகாமல், வீட்டில் கால் நீட்டிக்கொண்டு ஞாபகத்திலிருந்து பதில் சொல்லிவிட்டார். அது தப்பாகிப் போய்க் கேட்டவர் பிழைப்புக்கே வேட்டு வைக்கப் பார்த்தது. அப்போதுதான் கோந்து எழுதினார்: 'இனிமேல் பக்கத்தின் மேல் விரலை வைத்துப் படம் எடுத்துப் போட வேண்டும். விரல் இல்லாத பதில் செல்லாது.' பாதி கிண்டலாகச் சொன்னதுதான். ஆனால் சட்டமாகிவிட்டது. அதற்குப் பிறகு அவர்கள் ஒருவரையொருவர் விரலை வைத்தே அடையாளம் கண்டுகொண்டார்கள். நகம் கடிக்கிறவர் ஒருவர். மோதிரம் இறுகிப்போய்க் கழற்ற முடியாதவர் ஒருவர். நகச்சாயம் எப்போதும் பாதி உரிந்தே இருக்கும் ஒருத்தி. கோந்தின் ஆள்காட்டி விரல் நகம் நடுவில் பிளந்து, இரண்டு ஓடையாக வளர்ந்திருக்கும். எப்போதோ இரும்பு அலமாரிக் கதவு கடித்தது. எல்லைக்கல்லுக்குத் தன் மாமியார் முகத்தைவிட அந்த நகம் பழக்கம்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. சொந்தக்காரர் வாங்கும் சொத்தை நாமே பார்க்கக் கூடாது. நம்மவர்களுக்கு அந்த வீடு கிடைக்க வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்ளும்போது கண் சிலதைத் தாண்டிப் போய்விடும் என்பது தொழிலில் எல்லோரும் பட்டுத் தெரிந்துகொண்டது. அதனால் உன் வீட்டுக்காரர்களுடையதை நான் பார்க்கிறேன், என் வீட்டுக்காரர்களுடையதை நீ பார் என்று மாற்றிக்கொள்வார்கள். கோந்தின் மருமகன் வாங்கிய கடையை எல்லைக்கல்தான் பார்த்துக் கொடுத்தாள்.

பிறகு காலம் மாறியது. தொகுதிகளை எல்லாம் படம் பிடித்து இணையத்தில் ஏற்றினார்கள். பிடித்தவர்கள் அவசரக் குடுக்கைகள். பக்கத்தின் ஓரத்தை வெட்டிவிட்டார்கள். ஓரத்தில்தான் விஷயமே இருக்கும். அடமானம், நீதிமன்றத் தடை, அடுத்த விற்பனை என்று பின்னால் நடப்பதை எல்லாம் பழைய பதிவின் ஓரத்தில் மையால் குறித்து வைப்பார்கள். திரையில் பார்க்கிறவனுக்கு அது தெரியாது. ஆனாலும் வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்றதும் ஊரெல்லாம் வல்லுநர் ஆகிவிட்டது. குழு பெருத்தது. தரகர்கள் வந்து தினமும் பூப்படம் போட்டுக் காலை வணக்கம் சொன்னார்கள். நிலம் அளப்பவர்கள் விளம்பரம் ஒட்டினார்கள். ஒருவர் இரும்புக் கேட்டைப் படம் எடுத்துப் போட்டு, 'இந்த வீட்டை வாங்கலாமா?' என்று கேட்டார். கேட்டைப் பார்த்து என்ன சொல்வது, வண்ணம் நன்றாக இருக்கிறது என்றா? அதற்கும் நாற்பது பேர் பதில் சொன்னார்கள். விரல் படம் போட்ட பழைய ஆளிடம் ஒரு புதியவன், 'என்ன சார், கைரேகை பாக்கறீங்களா?' என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். எல்லைக்கல்கூட ஒரு சிரிப்புப் படம் போட்டாள்.

கூட்டம் தாங்காமல் தளம் அடிக்கடி படுத்துக்கொண்டது. ஒரு நிறுவனம் வந்து, நாங்கள் நடத்துகிறோம், நீங்கள் தலைமைப் பொறுப்பில் அப்படியே இருங்கள் என்றது. அவள் சரி என்றாள். மறைப்பானேன், அத்தனை ஆயிரம் பேர் பெயருக்கும் மேலே தன் பெயர் தெரிவது அவளுக்குப் பிடித்திருந்தது. நிறுவனம் வந்ததும் வேகமாகப் பதில் சொல்பவர்களுக்கு நட்சத்திரம் கொடுக்க ஆரம்பித்தது. கோந்து தொலைபேசியில் கூப்பிட்டார்.

"வேகமா சொல்றவனுக்கு நட்சத்திரம்னா, போய்ப் பாத்துட்டு வர்றவன் என்ன ஆவான்?"

"காலம் மாறுது கோந்து. நாமளும் கொஞ்சம் வளைஞ்சு குடுக்கணும்."

"வளையலாம். படுக்கச் சொல்றீங்களே."

அவர் படுக்கவில்லை. விரல் இல்லாத ஒவ்வொரு பதிலுக்கும் கீழே 'செல்லாது' என்று எழுதிக்கொண்டே போனார். காலையில் எழுந்ததும் அதே வேலை. புதியவர்கள் புகார் மேல் புகார் அனுப்பினார்கள். அவரைக் கொஞ்சம் கவனியுங்கள் என்று நிறுவனம் சொன்னது. எல்லைக்கல் அவரைக் குழுவிலிருந்து நீக்கினாள். ஒரே ஒரு தட்டல்தான். அன்று முழுக்கத் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தாள். கூப்பிட்டுத் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கூப்பிடவில்லை. இவளும் கூப்பிடவில்லை. முதலில் கோபம், பிறகு கூச்சம், பிறகு இத்தனை நாள் கழித்து எந்த முகத்தோடு என்ற தயக்கம். ஆண்டுகள் ஓடிவிட்டன.

இப்போது குழுவில் கேள்வி கேட்ட மறுநொடி நிறுவனத்தின் இயந்திரமே பதில் சொல்கிறது. மிக மரியாதையாக, எதையும் பார்க்காமல். நகம் கடித்தவரும் மோதிரக்காரரும் சத்தமில்லாமல் ஒதுங்கிவிட்டார்கள். அவள் மட்டும் ஜன்னலைத் திறந்து மூடுவது போலக் குழுவைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறாள். யாரைத் தேடுகிறாள் என்று அவளைக் கேட்டால் எரிந்து விழுவாள்.

இப்படி இருக்கும்போதுதான் தங்கை கூப்பிட்டாள்.

"அக்கா, வீடு அமைஞ்சிடுச்சு! கீழ்வீடு. வாசல்ல ஒரே ஒரு படி. அதையும் சரிவா கட்டிக்கலாம்."

தங்கையின் கணவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். வண்டிக்கு அடியில் வேலை செய்யும் குழியில் தவறி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். அவர்கள் இருப்பது மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறுவார். பாதி நாள் இறங்குவதே இல்லை. கீழ்வீடு ஒன்று தேடித் தங்கை தேய்க்காத செருப்பு இல்லை.

"வேற ஒருத்தரும் கேக்கறாங்களாம். வெள்ளிக்கிழமை காலையில கையெழுத்து. நீ பாத்துச் சரின்னு சொல்லிட்டா போட்டுடறோம்."

வழக்கப்படி எல்லைக்கல் தானே பார்க்கவில்லை. யாருடைய வீடு என்று சொல்லாமல் குழுவில் கேட்டாள். 'ஓரத்தோடு முழுப் பக்கம் வேண்டும். விரலோடு வேண்டும்.' இயந்திரம் உடனே வாழ்த்துச் சொன்னது. நட்சத்திரக்காரர்கள் 'எல்லாம் கிளியர்', 'கண்ணை மூடிட்டு வாங்கலாம்' என்றார்கள். அவர்கள் கண்ணை மூடிக்கொண்டுதான் சொன்னார்கள் என்பது அவளுக்குத் தெரியும். வியாழன் மத்தியானம் 'வீட்டு வேட்டை' என்ற பெயரில் ஒரு பதில் வந்தது. சிரிக்கும் வீடு ஒன்றைப் படமாக வைத்திருக்கும் ஆசாமி. சில வருடமாக அந்த ஊர்க் கேள்விகளுக்குப் பதில் போட்டு வருபவன். யாரோ தரகன் என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். பக்கத்தின் படம் இருந்தது. ஓரம் வெள்ளையாக, ஒரு குறிப்பும் இல்லாமல் இருந்தது. அதன் மேல் ஒரு விரல்.

அவள் படத்தைப் பெரிதாக்கினாள். நகம் நடுவில் பிளந்து இரண்டு ஓடையாக இருந்தது.

கோந்தின் விரல். கோந்து குழுவை விட்டுப் போய் எவ்வளவு காலமாயிற்று! அப்படியென்றால் இது பழைய படம். இந்தத் தரகன் எங்கிருந்தோ சுட்டுப் போட்டிருக்கிறான். படம் எடுத்த பிறகு அந்த ஓரத்தில் எத்தனை அடமானம் ஏறியிருக்குமோ, எத்தனை தடை விழுந்திருக்குமோ. கூடவே, கண்டுபிடித்துவிட்டேன் பார் என்று ஒரு மூலையில் கொஞ்சம் மிதப்பும் இருந்தது. ஆயுளெல்லாம் தாளைச் சந்தேகித்தே பிழைத்தவளுக்கு மனுஷரை ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. 'வீட்டு வேட்டை'யை அந்த நிமிடமே நீக்கினாள். அதே சூட்டோடு தங்கையைக் கூப்பிட்டாள்.

"நாளைக்குக் கையெழுத்துப் போடாத. யாரோ பழைய படத்தைக் காட்டி ஏமாத்தறாங்க."

"நாளைக்கு விட்டா போயிடும்க்கா. அந்த ஆளுங்க தயாரா நிக்கறாங்க."

"போனா போகட்டும். வாங்கிட்டு நடுத்தெருவுல நிக்கப் போறியா?"

"நீ சொன்னா சரிதான்" என்றாள் தங்கை.

கோந்தின் பழைய எண்ணுக்கு அடித்துப் பார்த்தாள். அது உபயோகத்தில் இல்லை.

வெள்ளிக்கிழமை வழக்கமாவது மண்ணாவது என்று அவளே முதல் பேருந்தைப் பிடித்தாள். வழியெல்லாம் கைபேசியை எடுத்தாள், வைத்தாள். பக்கத்து இருக்கைக்காரர் எரிச்சல்பட்டு வேறு இடம் மாறி உட்கார்ந்தார். பதிவு அலுவலகம் போய்ச் சேரும்போது முன்வாசலில் ஒரு குடும்பம் ஏதோ நல்ல காரியம் முடித்த களையோடு சிரித்துப் பேசிக்கொண்டு இறங்கி வந்தது. அவர்களை விலக்கிக்கொண்டு ஆவண அறைக்கு ஓடினாள்.

அறையில் இரும்பு அலமாரிகளும், நீளமான ஒரு மேஜையும், தலைக்கு மேல் முனகும் மின்விசிறியும் இருந்தன. தொகுதி எண்ணைச் சொன்னாள்.

"அது மேஜை மேலயே இருக்கும்மா. இப்பத்தான் குறிக்க எடுத்தாங்க" என்றார் காப்பாளர்.

எழுத்தர் பேனாவை மூடிக்கொண்டிருந்தார். அவள் குனிந்து பார்த்தாள். பதிவு சுத்தமாக இருந்தது. அடமானம் இல்லை, தடை இல்லை, வழக்கு இல்லை. ஓரத்தில் ஒரே ஒரு குறிப்பு இருந்தது, மை இன்னும் காயாமல். இன்று காலை விற்பனை, வாங்கியவர் இன்னார். வாசலில் சிரித்துக்கொண்டு போனவர்கள் யார் என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

மேஜையின் மறுகோடியில் யாரோ கிழிந்த பக்கம் ஒன்றை ஒட்டி, விரலால் நீவிக்கொண்டிருந்தார்கள். அவள் அந்த விரலைப் பார்த்தாள்.

"கோந்து" என்றாள்.

அவர் நிமிர்ந்தார். அவள் நினைத்து வைத்திருந்ததைவிடக் குள்ளம். தலையில் முடியில்லை.

"எல்லைக்கல்லா?"

"நேத்து வந்த அந்தப் படம்..."

"நான்தான் எடுத்தேன். நேத்து மத்தியானம் இதே மேஜையில."

"வீட்டு வேட்டை?"

"நீங்க தூக்கின பிறகு வேற பேர்ல வந்தேன். காலியா இருந்தது அந்தக் கண்றாவிப் பேர் ஒண்ணுதான். இந்த ஊர்ல அலமாரி வரைக்கும் போறவன் நான் ஒருத்தன்தான் மிச்சம். கேக்கறவங்க பாவம், என்ன பண்ணுவாங்க?"

"இத்தனை வருஷமா விரல் போடாமத்தானே படம் போட்டீங்க?"

"யாரும் கேக்கலை. நேத்துதான் நீங்க கேட்டீங்க. சரி, போட்டா பாத்த உடனே நான்னு தெரிஞ்சிடும்னு நெனச்சேன்."

"தெரிஞ்சது."

"அப்புறம் எதுக்குத் திரும்பவும் தூக்கினீங்க?"

பழைய படம் என்று நினைத்ததை அவள் சொன்னாள். அவர் சிரிக்கத் தொடங்கினார். ஓர் ஆளை இரண்டு தடவை தூக்கியது இந்தக் குழுச் சரித்திரத்திலேயே நீங்கள்தான் என்று சொல்ல வந்தவர், அவள் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினார்.

"யார் வீடு அது?"

"என் தங்கச்சி வாங்க இருந்தது."

கோந்து எழுந்து வந்து அந்த ஈர மையைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஏதோ அடமானம் இருந்துச்சுன்னு சொல்லிடுங்க. போனது போயிடுச்சு. யாரு வந்து பாக்கப் போறாங்க?" என்றார்.

விரல் சட்டம் போட்ட மனிதர் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு வந்தது அவளுக்கு அழுகையை வரவழைத்தது. அவர் இரக்கப்பட்டுத்தான் சொல்கிறார் என்பது தெரிந்ததால் இன்னும் வலித்தது. குழுவில் திரும்பச் சேர்த்துவிடுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தாள். அது எவ்வளவு அற்பமாக இருக்கும் என்று தோன்றியதும் விட்டுவிட்டாள்.

தங்கை வீடு அங்கிருந்து நடக்கும் தூரம்தான். ஒரு கடை வாசலில் நின்றாள், ஒரு மரத்தடியில் நின்றாள், ஒருமுறை திரும்பிப் பேருந்து நிலையத்தை நோக்கிக்கூட நடந்தாள். அடமானம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தங்கை இவளைக் கட்டிக்கொள்வாள். காலத்துக்கும் அக்கா காப்பாற்றினாள் என்று பேசுவாள். அந்த ஆசை அவளுக்கு வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய்.

மாடிப்படியில் இரண்டாவது திருப்பத்தில் தங்கையின் கணவர் உட்கார்ந்திருந்தார். கைத்தடி மடியில் கிடந்தது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"வாங்க அண்ணி. மருத்துவமனைக்குப் போயிட்டு வர்றேன். கொஞ்சம் மூச்சு வாங்கிட்டு ஏறலாம்னு..." என்று நகர்ந்து வழிவிட்டார். "நேத்து நீங்க சொல்லலைன்னா மாட்டியிருப்போம். ராத்திரி பூரா இவ அதையேதான் சொல்லிட்டிருந்தா. உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும்."

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேச்சுக்குரல் கேட்டு மேலே மூன்றாம் மாடிக் கைப்பிடியில் தங்கையின் தலை தெரிந்தது.

"வந்துட்டியா? பாத்தியாக்கா? அந்த வீட்டு மேல என்ன இருந்துச்சு?"

படிக்கட்டு வெற்றுக் கூடு. சொன்னால் எல்லா மாடிக்கும் கேட்கும்.

"ஒண்ணும் இல்லடி" என்றாள் எல்லைக்கல். "அடமானம் இல்ல, வழக்கு இல்ல. நல்ல வீடு. படம் நேத்து எடுத்ததுதான். நான்தான் யாரையும் கேக்காம முடிவு பண்ணிட்டேன். இன்னைக்குக் காலையில வேற ஆளுங்களுக்குப் பதிவாயிடுச்சு."

தங்கையின் தலை கைப்பிடியிலிருந்து மறைந்தது. கதவு சாத்தப்படும் என்று அவள் காத்திருந்தாள். சாத்தப்படவில்லை. அழுகிறாளா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். அதுவும் தெரியவில்லை.

தங்கையின் கணவர் அவளைப் பார்க்கவில்லை. தனக்கு மேலே மிச்சமிருந்த படிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இனி அவர் ஆயுளுக்கும் இந்தப் படிகள்தானோ என்று நினைத்தாள். "தம்பி, நான்..." என்று தொடங்கினாள்.

"அண்ணி," என்று அவர் கைத்தடியை அவள் கையில் கொடுத்தார். "தோளைக் குடுங்க."

கொடுத்தாள். அவர் பாரம் முழுக்க அவள் மேல் இறங்கியது. ஒரு படி ஏறி நின்றார்கள். பிறகு அடுத்த படி.